பின்வாசலையும் வரைபடத்தில் போடு

உடையார்பாளையம் என்று பேச்செடுத்தால் இரண்டு விசயம் வந்து விழும். ஒன்று பயறணீஸ்வரர் கோயிலும் அதன் பெரிய குளமும். இன்னொன்று ஜமீன் அரண்மனை. கோயிலை இன்னொரு சமயம் பார்க்கலாம். அரண்மனையைப் பற்றி இப்போதே பேசியாக வேண்டும். செங்கல் பெயர்ந்து, மரம் இற்று, பல பகுதிகள் சிதைந்து நிற்கிற அந்தக் கட்டடத்தைப் பார்த்து வரலாற்று ஆர்வலர்கள் அங்கலாய்க்கிறார்கள். "நம்ம பெருமை அழியுதே, அரசாங்கம் எடுத்துக் காப்பாத்தக் கூடாதா?" என்கிறார்கள். நம்ம பசங்களைக் கேட்டால் வேறு பதில். "இடியட்டும் விடுங்க தோழர். நம்ம தாத்தன் முதுகுல ஏறிக் கட்டுனதுதானே, விழுந்தா நமக்கென்ன?"

எனக்கு இரண்டிலும் உடன்பாடு கிடையாது. பெருமை பேசுகிறவர்களிடம் நான் கேட்கிற கேள்வி: யாருடைய பெருமை? இடியட்டும் என்கிறவர்களிடம் கேட்கிற கேள்வி: இடிந்து மண்ணான பிறகு, நம்மை எங்கே நிறுத்தினார்கள் என்பதற்கு எதைச் சாட்சியாகக் காட்டப் போகிறாய்? காகிதத்தில் நம் வரலாறு இல்லை. கல்வெட்டில் நம் பேர் இல்லை. சுவரிலும் வாசலிலும் சந்திலும்தான் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதையும் மண்ணோடு மண்ணாக விட்டுவிட்டால் லாபம் நமக்கில்லை.

ஆகவே இந்தக் கட்டுரை ஒரு பெரிய வீட்டை எப்படி வாசிப்பது என்பது பற்றியது. கட்டடக்கலை என்றால் தூண், வளைவு, சுதைவேலை, உத்தரம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதெல்லாம் கட்டடத்தின் முகப்பூச்சு. கட்டடக்கலையின் உயிர்நாடி வேறு கேள்வியில் இருக்கிறது. யார் எந்த வாசல் வழியாக வரலாம், யார் எதுவரைக்கும் வரலாம், யார் யார் கண்ணில் படக்கூடாது?

முதலில் அரண்மனையின் பிறப்பைப் பார்ப்போம். பாளையம் என்ற சொல்லே படை தங்கும் இடத்தைக் குறிக்கும். உடையார்பாளையத்துத் தலைவர்களின் பட்டப்பெயர் காலாட்கள் தோழ உடையார். காலாட்படையின் பேரைச் சொல்லும் பட்டம். பாளையக்காரனுக்குக் கோட்டையும் காடும் ஆயுதம் தாங்கிய ஆளும் முக்கியம். 1801இல் கர்நாடகப் பகுதி முழுவதும் கும்பினியின் கைக்குப் போனது. அதே ஆண்டில்தான் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு இரண்டாண்டு முன்னால் கட்டபொம்மன். ஆயுதம் பிடுங்கப்பட்டது. 1802இல் சென்னை மாகாணத்தில் நிலையான நிலவரித் திட்டத்துக்கான ஒழுங்குவிதி வந்தது. கும்பினிக்குப் பணிந்த பாளையக்காரர்கள் பலர் அந்த வழியாக ஜமீன்தார்களானார்கள். சண்டை போட வேண்டிய அவசியம் போயிற்று. வரி வசூலித்துப் பேஷ்குஷ் கட்டினால் போதும். கட்டடத்தின் வேலையும் மாறிப்போனது. எதிரியைத் தடுக்கும் அரணாக இருந்தது, கச்சேரி நடத்தவும் தர்பார் வைக்கவும் வசூல் கணக்குப் பார்க்கவும் ஆன இடமாயிற்று. நாம் இன்று ஜமீன் அரண்மனை என்று சொல்கிற வகையின் அடிப்படை இந்த மாற்றத்தில் இருக்கிறது.

இந்தத் திட்டம் எங்கிருந்து வந்தது? வங்காளத்தில் 1793இல் காரன்வாலிஸ் போட்ட திட்டம் இது. இங்கிலாந்தில் பரம்பரையாக நிலம் வைத்துக்கொண்டு கிராமத்துக்கே எசமானாக இருக்கிற கனவான் மாதிரி ஒரு வர்க்கத்தை இங்கேயும் நட்டு வளர்த்தால் வரியும் நிற்காமல் வரும், ஆட்சிக்கும் தூண் கிடைக்கும் என்பது கணக்கு. அந்த இங்கிலாந்துக் கனவான் குடியிருந்த வீடுதான் மேனர் வீடு, கல்லால் கட்டிய பண்ணை மாளிகை. அந்த வகையில் நம் ஜமீன் அரண்மனைகளுக்கு அது ஒருவிதச் சம்பந்தி வீடு. சம்பந்தி வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் நம் வீட்டின் கோளாறு இன்னும் தெளிவாகத் தெரியும்.

மேனர் என்பது ஆரம்பத்தில் ஒரு வீட்டின் பேரல்ல. அது ஓர் ஆட்சிப் பரப்பு. எசமானுக்கு நிலம், அந்த நிலத்தை உழ அதோடு கட்டப்பட்ட குடியானவர்கள், அவர்களை விசாரிக்க எசமானின் சொந்த நீதிமன்றம், எல்லாம் சேர்ந்தது மேனர். அதன் நடுவில் நின்ற வீடு மேனர் வீடு. பழைய மேனர் வீட்டின் மையம் ஒரே ஒரு பெரிய கூடம். டெர்பிஷயரில் ஹாடன் ஹால் என்று ஒரு கல் மாளிகை இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டுக் கூடமும் சமையலறையும் அதில் இன்றும் உண்டு. சொந்தக்காரர்கள் வேறு மாளிகைக்குப் போய்விட, ஏறத்தாழ 200 ஆண்டுகள் குடும்பம் குடியிருக்காமல் கிடந்ததால் புதுப்பாணிக்கு மாற்றி இடிக்காமல் தப்பித்த வீடு அது. கூடத்தின் ஒரு முனையில் மேடை. எசமான் அதில் உட்கார்ந்து சாப்பிடுவான். கீழே நீளப் பலகைகளில் வேலையாட்கள் சாப்பிடுவார்கள். மறுமுனையில் மரத்தடுப்பு, அதற்கு அந்தப்பக்கம் சமையலறைக்குப் போகிற வழி. ஏற்றத்தாழ்வு அப்பட்டமாக இருக்கிறது. ஆனாலும் கூரை ஒன்று, கூடம் ஒன்று.

அடுத்து என்ன நடந்தது? எசமான் மெல்ல மெல்லக் கூடத்தை விட்டு மேல்மாடி அறைக்கு ஏறினான். குடும்பம் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தது. வேலையாட்களின் முகத்தைப் பார்ப்பதே இடைஞ்சலாகத் தெரிந்தது. 1650களில் ரோஜர் பிராட் என்ற கட்டடக் கலைஞர் கோல்ஸ்ஹில் என்ற இடத்தில் ஒரு மாளிகை கட்டினார். வீட்டின் நடுவே நீளமாக ஒரு நடை. அதன் இரண்டு முனையிலும் வேலையாட்களுக்கென்று தனிப் படிக்கட்டு. முன்னால் பெரிய அலங்காரப் படிக்கட்டில் துரையும் துரைசானியும் விருந்தாளிகளும் ஏறி இறங்குவார்கள். பின் படிக்கட்டில் தண்ணீர்க் குடமும் கரியும் இரவு மூத்திரச் சட்டியும் போகும். இரண்டும் சந்திக்கவே கூடாது. அந்த மாளிகை 1952இல் தீப்பிடித்து அழிந்துபோனது. ஆனால் அது காட்டிய வழி இங்கிலாந்துப் பெரிய வீடுகளெங்கும் பரவிவிட்டது. பின் படிக்கட்டு, தனி வாசல், பூமிக்கடியில் வேலையாட்கள் பகுதி, கூப்பிட மணிக்கயிறு. வேலை நடக்க வேண்டும், வேலை செய்கிறவன் தெரியக்கூடாது. இதுதான் அந்தக் கட்டடக்கலையின் சூத்திரம்.

வீட்டுக்குள் மட்டும் நடந்த கதையல்ல இது. டோர்செட் பகுதியில் மில்டன் பிரபு என்று ஒருவர். அவர் மாளிகைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரமே இருந்தது. பார்வைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று அதை முழுசாக இடித்துத் தள்ளிவிட்டு, சனங்களைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளத்தாக்கில் குடியேற்றினார். 1780ஐ ஒட்டி நடந்தது. மில்டன் அபாஸ் என்ற அந்தப் புதிய கிராமத்தை இன்று அழகான கிராமம் என்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

இதைப் படிக்கிறபோது நம் ஆட்களுக்குச் சிரிப்பு வரும். ஒரு துரைக்கு அழகுக்காக ஊரை நகர்த்தத் தோன்றியது பதினெட்டாம் நூற்றாண்டில். நம்ம ஊரில் அந்த வேலை ஆயிரம் வருசத்துக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராசராசன் வெட்டிவைத்த கல்வெட்டைப் பாருங்கள். கோயிலுக்குக் கொடுத்த ஊர்களில் எந்தெந்த இடத்துக்கு வரி இல்லை என்று பட்டியல் போடுகிறபோது ஊர்நத்தம் தனி, பறைச்சேரி தனி, தீண்டாச்சேரி தனி. கட்டடக்கலை வீட்டு வாசலில் ஆரம்பிப்பதாக நினைத்தால் நாம் ஏமாந்துபோவோம். அது ஊரின் வரைபடத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. அரண்மனைக்கு முதல் மதில் அரண்மனையைச் சுற்றி இல்லை. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிறது. அதற்குக் கல்லும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம்.

இப்போது இரண்டு வீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நான் சொல்லப்போவது ஒரு குறிப்பிட்ட அரண்மனையை அல்ல, நம் பக்கத்துப் பெரிய வீடுகளின் பொதுவான அமைப்பை. தெருவைப் பார்த்துத் திண்ணை. அப்புறம் நடை, முற்றம், கூடம், அதற்கும் உள்ளே சமையல்கட்டும் பூசையறையும். பின்னால் பின்கட்டு, கிணறு, கொல்லை, தொழுவம், களம், வைக்கோல்போர். கொல்லைக்கு வர ஒரு சந்து.

இங்கிலாந்து மாளிகையில் சமையலறை எங்கே இருக்கிறது? கீழே அல்லது ஒதுக்குப்புறத்தில், வேலைக்காரர்களின் ராச்சியத்தில். புகையும் வாசனையும் துரைக்கு வரக்கூடாது. சமைக்கிறவள் ஏழை வீட்டுப் பெண். அவள் தொட்டுச் சமைத்ததை எசமான் தயக்கமில்லாமல் தின்பான். அவள் முகத்தைப் பார்க்க மட்டும் அவனுக்குப் பிடிக்காது. இங்கே சமையல்கட்டு எங்கே இருக்கிறது? வீட்டின் ஆழத்தில், சாமிக்குப் பக்கத்தில். அங்கே வேலைக்காரனை மறைக்க வேண்டியிருந்ததால் படிக்கட்டு இரண்டாயிற்று. இங்கே தீண்டுதலைத் தடுக்க வேண்டியிருந்ததால் ஒவ்வொரு நிலைப்படியும் ஒரு சாவடியாயிற்று. எந்தச் சாதி திண்ணை வரைக்கும், எந்தச் சாதி நடை வரைக்கும், எந்தச் சாதி கூடம் வரைக்கும் என்று எழுதாத சட்டம். நமக்கு அந்தக் கணக்கில் வாசலே கிடையாது. சந்து, கொல்லை, தொழுவம், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய பண்ணை வீடு இருந்தது. பேர் வேண்டாம். எங்க அப்பாயி கலியாணமாகி வந்த நாளிலிருந்து அங்கேதான் வேலை. சாணி அள்ளுவது, களம் பெருக்குவது, நெல் புடைப்பது. நாற்பது வருசத்துக்கு மேல் உழைத்திருப்பாள். ஒருநாள் அவளிடம் கேட்டேன்: "அந்த வீட்ல எத்தன ரூம்பு அப்பாயி?" அவள் சொன்னாள்: "எனக்கென்னடா தெரியும்? தொழுவத்துல பதினாலு முளக்குச்சி. வடக்கால ஒம்போது, கெழக்கால அஞ்சு." முளைக்குச்சி எண்ணிக்கை தெரியும். அறை எண்ணிக்கை தெரியாது. சோற்றைப் பற்றிக் கேட்டபோது இன்னொன்றும் சொன்னாள்: "நெல்லா இருக்கற வரைக்கும் நம்ம கை. அரிசியா உள்ள போயிட்டா அப்பறம் நாம ஏது?" கட்டடக்கலைப் புத்தகம் எதிலும் இந்த இரண்டு வரி இல்லை. அந்த வீட்டின் சரியான வரைபடம் அவளிடம்தான் இருந்தது.

பாபாசாகேப் அம்பேத்கர் இதைக் கட்டட மொழியிலேயே சொல்லியிருக்கிறார். 1920 சனவரியில் வந்த 'மூக்நாயக்' முதல் இதழில் இந்து சமூகத்தைப் பல மாடிக் கோபுரத்துக்கு ஒப்பிட்டார். மாடிக்கு மாடி ஏறப் படிக்கட்டும் கிடையாது, உள்ளே நுழைய வாசலும் கிடையாது. எந்த மாடியில் பிறந்தாயோ அதிலேயே சாக வேண்டியது. கோல்ஸ்ஹில் மாளிகையில் இழிவான படிக்கட்டாவது இருந்தது. அதில் ஏறி இறங்கிய ஒருத்தியின் மகன் வேறு வேலைக்குப் போய் வேறு மனிதனாகலாம். பாபாசாகேப் சொன்ன கோபுரத்தில் பின் படிக்கட்டும் கிடையாது. வர்க்கத்துக்கும் சாதிக்கும் உள்ள வித்தியாசத்தை மாணவத் தோழர்கள் கேட்டால் இந்த இரண்டு கட்டடத்தையும் வரைந்து காட்டினால் போதும்.

அடுத்து, கல்லைப் பார்ப்போம். இங்கிலாந்தில் காட்ஸ்வோல்டு பகுதி மேனர் வீடுகளின் தேன்நிறக் கல்லைப் புகழ்ந்து தள்ளுவார்கள். அது சுண்ணாம்புக்கல். நம் அரியலூர் மண்ணுக்கடியிலும் சுண்ணாம்புக்கல்தான், ஒரு காலத்தில் கடலாக இருந்த பூமி. அவர்கள் அதை அறுத்துச் சுவர் வைத்தார்கள். நம் பக்கம் சுண்ணாம்பைச் சுட்டுக் காரையாக்கிச் செங்கல்லோடு சேர்த்துக் கட்டுவதுதான் வழக்கம். பழைய காரைக்கட்டு என்றால் கல் எடுக்க, காளவாய் போட, சுண்ணாம்பு இடிக்க, மண் மிதிக்க, செங்கல் சுமக்க ஆள் வேண்டும். வருசக்கணக்கில் வேண்டும். கட்டிய கைகளின் பேர் எங்கே?

பேர் எழுதிவைக்கிற பழக்கமே இல்லாத ஊர் என்று சொல்ல முடியாது. உடையார்பாளையம் சமஸ்தானத்தில் கனம் கிருஷ்ணையர் பாடினார் என்பது நமக்குத் தெரியும். அவரிடம் சங்கீதம் கற்றவர் உ. வே. சாமிநாதையரின் தகப்பனார் என்பதும் தெரியும். கச்சி ரங்கப்பர், கச்சிக் கல்யாண ரங்கப்பர் என்று ஜமீன்தார்கள் பேரும் தெரியும். பாடியவர் பேர், பாட்டுடைத்தலைவன் பேர், பரிசு வாங்கியவர் பேர் எல்லாம் அச்சில் இருக்கிறது. உ. வே. சா. எழுதிவைத்தது தமிழுக்கு லாபம், அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அந்தப் பாட்டு நடந்த கூடத்துக்குச் செங்கல் சுமந்தவளைப் பற்றி ஒரு வரி கிடைக்குமா? சபைக்கு ஞாபகம் உண்டு, சாந்துக்கு ஞாபகம் இல்லை என்று ஆகிப்போனது.

அரண்மனையும் கோயிலும் நிரந்தரம் என்று நினைப்பவர்கள் பக்கத்திலிருக்கும் கங்கைகொண்ட சோழபுரத்தைப் பார்க்கட்டும். ராசேந்திரன் தலைநகரின் அரண்மனை இருந்த இடம் இன்று மாளிகைமேடு. தோண்டினால் செங்கல் அடித்தளமும் கூரை ஓடும் கிடைக்கிறது, அவ்வளவுதான். கோயிலின் மதில் கல்லை 1836இல் வெள்ளைக்காரன் பெயர்த்துக்கொண்டு போய்க் கொள்ளிடத்தில் கீழணை கட்டினான். இன்று அந்தக் கோயில் 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். கல் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. அறுத்தவன், சுமந்தவன் இடம் மட்டும் மாறவில்லை. அந்தச் சுண்ணாம்புக்கல் பூமியில் இப்போது சிமெண்டு ஆலைகள். நாட்டுக்கே வீடு கட்டச் சிமெண்டு போகிறது. ஆலைப் புழுதி யார் வீட்டுக் கூரையில் படிகிறது என்று போய்ப் பாருங்கள்.

"அதெல்லாம் பழைய கதை, ஜமீன் ஒழிஞ்சு எத்தனையோ வருசமாச்சு" என்பார்கள். ஒழிந்தது எது, ஒழியாதது எது? சென்னை மாகாண ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது, 26ஆம் எண் சட்டம். ஜமீனை அரசு எடுத்துக்கொண்டது, ஜமீன்தாருக்கு நட்டஈடு கொடுத்தது. அனுபவ உரிமை இருந்த குடியானவருக்குப் பட்டா கிடைத்தது. ஜமீன்தாரின் சொந்தப் பண்ணை நிலத்துக்கு அவருக்கே பட்டா. நிர்வாகத்துக்கு மட்டும் பயன்பட்ட கச்சேரிக் கட்டடம் அரசுக்கு, குடியிருந்த மாளிகை பழைய சொந்தக்காரருக்கே. நிலத்தில் உழைத்த பண்ணையாளுக்கு? அவன் குடியானவனும் அல்ல, குத்தகைதாரனும் அல்ல. அவனுக்கு அந்தச் சட்டத்தில் பட்டா இல்லை. ஆக, ஜமீன் ஒழிந்த அன்றும் நாம் தொழுவத்தில்தான் நின்றோம்.

நமக்கு வந்து சேர்ந்தது காலனி வீடு. ஆதிதிராவிடர்களுக்கு வீடு கட்டவென்றே 1974இல் தாட்கோ தொடங்கப்பட்டது. தொகுப்பு வீடுகள் வந்தன. எங்கே? பெரும்பாலும் பழைய சேரியிலேயே, அல்லது ஊரை விட்டு இன்னும் தள்ளி. கூரை மாறியது, திசை மாறவில்லை. இன்றைய கணக்கையும் பாருங்கள். 2016இல் வந்த பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் கிராமத்து வீட்டுக்குக் குறைந்தபட்ச அளவு சமையலிடமும் சேர்த்து 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி. 2024இல் தமிழக அரசு அறிவித்த கலைஞர் கனவு இல்லத்தில் 360 சதுர அடி. வேண்டாம் என்று சொல்லவில்லை, மழைக்கு ஒழுகாத கூரை பெரிய விசயம். ஆனால் பெரிய வீட்டைப் பாரம்பரியம் என்றும் சின்ன வீட்டைப் பயனாளி வீடு என்றும் அழைக்கிற மொழியை மட்டும் நான் ஏற்கமாட்டேன். நான்கு தலைமுறையாகச் சேரியில் நின்ற ஒரு மண்குடிசையைக் காப்பாற்றவேண்டிய பாரம்பரியம் என்று எந்த ஆர்வலராவது எழுதியிருக்கிறாரா?

இப்போது மறுபடி சம்பந்தி வீட்டுக்கு வருவோம். வேல்ஸில் எர்டிக் என்று ஒரு மாளிகை. அந்தக் குடும்பத்துக்கு ஒரு விநோதப் பழக்கம் இருந்தது. தச்சன், சமையற்காரி, வேலைக்காரி என்று தம் வேலையாட்களைப் படம் எழுதி, பின்னாளில் போட்டோ எடுத்து, செய்யுளும் எழுதி மாட்டிவைத்தார்கள். 1973இல் அந்த மாளிகை தேசிய அறக்கட்டளையின் கைக்குப் போனது. அதைப் பார்க்க வந்தவர்களை முன்வாசல் வழியாக விடாமல், பட்டறை, லாயம், சலவைக்கூடம், சமையலறை என்று வேலையாட்களின் பக்கமாகவே உள்ளே அழைத்துப்போனார்கள். 2020இல் அதே அறக்கட்டளை ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் பொறுப்பில் உள்ள இடங்களில் 93 இடங்களுக்கு அடிமை வியாபாரத்தோடோ காலனி ஆட்சியோடோ தொடர்பு உண்டு என்று வெளிப்படையாகச் சொன்னது. வேல்ஸில் உள்ள போவிஸ் கோட்டையும் அவற்றில் ஒன்று. அங்கே ராபர்ட் கிளைவும் அவர் மகனும் இந்தியாவிலிருந்து கொண்டுபோன பொருள்கள் இருக்கின்றன, திப்புவின் கூடாரம் உட்பட. அந்த மகன் எட்வர்டு கிளைவ் யார் தெரியுமா? 1798 முதல் 1803 வரை சென்னை கவர்னர். நம் பாளையங்கள் ஒடுங்கி ஜமீன்களானது அவர் காலத்தில்தான்.

அந்த அறிக்கைக்கு அங்கே கடும் எதிர்ப்பு கிளம்பியது. "அழகான வீட்டைப் பார்க்க வந்த இடத்தில் எதற்கு இந்த அரசியல்?" என்றார்கள். புகார் போனது. அறக்கட்டளை சட்டத்தை மீறவில்லை என்று அறநிலையக் கண்காணிப்பு ஆணையம் 2021இல் சொல்லிவிட்டது. வெள்ளைக்காரன் திருந்திவிட்டான் என்று சொல்ல இதை எழுதவில்லை. கொண்டுபோன சொத்து இன்னும் அங்கேதான் இருக்கிறது. வேலைக்காரர் சமையலறையைப் பார்த்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவதோடு கணக்குத் தீர்ந்துவிடாது. நான் சொல்வது இதுதான்: ஒரு கட்டடத்தைக் காப்பாற்றுகிறபோது அது யார் முதுகில் நின்றது என்பதையும் சேர்த்துக் காட்ட முடியும். செய்து பார்த்திருக்கிறார்கள். எதிர்ப்பு வந்தும் கட்டடம் இடிந்துவிழவில்லை.

அப்படியானால் நாம் என்ன கேட்கவேண்டும்? தமிழ்நாட்டில் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்லியல் துறை பழைய கட்டடங்களைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கலாம். உடையார்பாளையமோ வேறெந்த ஜமீன் வீடோ, நாளைக்கு அரசுப் பணத்தில் ஒரு செங்கல் வைப்பதென்றாலும் அதில் நம் வரிப்பணம் இருக்கிறது. அந்தப் பணத்தோடு நம் நிபந்தனைகளும் போகட்டும்.

ஒன்று, தர்பாரை மட்டும் புதுப்பிக்கிற வேலை ஆகாது. பின்கட்டு, தொழுவம், களம், சந்து எல்லாம் அளந்து வரைபடத்தில் ஏற வேண்டும். மிச்சமிருக்கிற பின்சுவருக்கும் முன்சுவருக்கும் ஒரே மரியாதை.

இரண்டு, வரைபடம் மதிலோடு நிற்கக்கூடாது. சேரி எங்கே இருந்தது, எந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்கமுடியாது, எந்தக் குளத்தில் யார் இறங்கலாம் என்பதும் அந்த வரைபடத்தின் பகுதி.

மூன்று, பழைய கணக்குப் புத்தகங்களும் பண்ணைக் குறிப்புகளும் எங்கிருந்தாலும் தேடி ஆவணக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். கூலி, மரக்கால், கடன் என்று எழுதிய பக்கத்தில்தான் நம் பாட்டன் பாட்டி பேர் ஒளிந்திருக்கும்.

நான்கு, அங்கே வருகிறவர்களுக்குக் கதை சொல்லப்போகிறவர்களில் சேரிக்காரரும் இருக்க வேண்டும். ராசா வேட்டைக்குப் போன கதையை யார் வேண்டுமானாலும் சொல்லட்டும். களத்துக் கதையை நாங்கள் சொல்கிறோம்.

ஐந்து, மீட்ட கட்டடத்தில் விருந்து மண்டபமும் சொகுசு விடுதியும் நடத்துகிற யோசனை எவருக்காவது இருந்தால் அதை நாம் எதிர்ப்போம். அங்கே நூலகம் வரட்டும், படிக்கிற பிள்ளைகளுக்கு இடம் வரட்டும். பாபாசாகேப் 1930களில் பம்பாய் தாதரில் தனக்கென்று கட்டிய வீட்டுக்கு இராஜகிருகம் என்று பேர் வைத்தார், புத்தர் நடந்த நகரத்தின் பேர். அந்த வீட்டைப் புத்தகங்களுக்காகவே கட்டினார் என்று சொல்லலாம். ராசாவின் வீடு என்ற பேரை ஒரு தீண்டப்படாதவர் தன் வீட்டுக்குச் சூட்டி, அதில் புத்தகத்தைக் குடியேற்றினார். அந்த முன்மாதிரி நமக்கு இருக்கிறது.

"கட்டடத்துலயுமா சாதி பாப்பீங்க?" என்று கேட்பார்கள். ஆமாம் ஐயா, பார்ப்போம். கட்டினபோது நீங்கள் பார்த்தீர்கள். நிலைப்படிக்கு நிலைப்படி பார்த்தீர்கள். வாசிக்கிறபோது மட்டும் நாங்கள் பார்க்கக்கூடாதா?

இடியட்டும் என்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. உன் கோபம் நியாயமானது. ஆனால் சாட்சியைக் கொல்வது வாதியின் வேலை இல்லை. அந்தக் கட்டடம் நம் தரப்புச் சாட்சி. அதைப் பேசவைக்க வேண்டியது நாம்தான்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகிறபோது ஒரு நோட்டும் அளவு நாடாவும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்ப் பெரிய வீட்டுக்குள் விடுவார்களோ மாட்டார்களோ, சந்தும் கொல்லையும் வெளியிலிருந்தே தெரியும். அங்கே வேலை செய்த கிழவிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள்: எந்த வழியாகப் போனே? எதுவரைக்கும் போனே? கஞ்சியை எங்க வச்சு ஊத்துனாங்க? தண்ணி யாரு மொண்டு குடுத்தது? சொல்லச் சொல்ல வரையுங்கள். கோடு கோணலாக இருந்தால் பரவாயில்லை, அளவும் திசையும் சரியாக இருக்கட்டும். அடுத்த இதழுக்குள் பத்து ஊர்ப் பின்வாசல்களாவது நம் கைக்கு வந்து சேரவேண்டும்.